சைக்கிளில் இன்னொருவரைத் தாண்டிப் போகும்போது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். வேகமாக வருகிறவர்கள் சத்தமே இல்லாமல் தோளை உரசுகிற மாதிரி கடந்து போகும்போது தூக்கிவாரிப் போடுகிறது. வேறு சிலர் தூரத்திலிருந்தே மணியை விடாமல் அடிக்கிறார்கள். அது விரட்டுவது போல இருக்கிறது. இப்போது உங்களுக்குக் காலில் பலம் வந்து, நீங்களே சிலரை முந்தத் தொடங்கிவிட்டீர்கள். மணி அடிப்பதா, வாயால் சொல்வதா, பேசாமல் போய்விடுவதா என்று கேட்கிறீர்கள். கூடவே இன்னொன்று: நீங்கள் முந்திய ஒருவர் உடனே வேகமெடுத்து உங்களை மறுபடி முந்துகிறார், அல்லது உங்கள் பின்சக்கரத்தை ஒட்டியே வருகிறார், அவரை என்ன செய்வது? மணியா குரலா என்பது இதில் சின்ன விஷயம். ஒரே திசையில் போகும் இருவரில் யார் யாருக்குப் பொறுப்பு என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் நேரடியானது. பொறுப்பு முந்துகிறவருடையது, கிட்டத்தட்ட முழுவதும். அவருக்கு முன்னால் இருப்பது தெரிகிறது. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. புதியவர்களுக்குக் குழுவாக ஓட்டக் கற்றுக்கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதில் நான் பார்த்த மோதல்களில் பெரும்பாலானவை வேகத்தால் வந்தவை அல்ல; ஒருவர் இன்னொருவரை எதிர்பார்க்காததால் வந்தவை. ஆகவே நான் சொல்லப்போவது எல்லாமே, முன்னால் போகிறவருக்குத் திடுக்கிடும் தருணம் வராமல் கடப்பது எப்படி என்பதைப் பற்றியது.

எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளையும் வாகனமாகவே கணக்கில் எடுக்கிறது. போக்குவரத்து எந்தப் பக்கத்தை ஒட்டிப் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முந்த வேண்டும் என்பதும், முந்தப்படுகிறவருக்குத் தாராளமாக இடம் விட வேண்டும் என்பதும் அதில் உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்புறமாக, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடப்புறமாக. முன்னால் இருப்பவர் நீங்கள் முந்த வேண்டிய அதே பக்கம் திரும்பக் கை காட்டிக் காத்திருக்கும்போது மறுபக்கமாகப் போவது விதிவிலக்கு. மற்றபடி அவருக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைந்து போவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. குழியோ மணலோ கண்டால் யாரும் ஓரத்துக்குத்தான் ஒதுங்குவார்கள். அங்கே நீங்கள் இருப்பீர்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். சந்து அகலமாகத் தெரிந்தாலும் இதுதான் நிலை.

தாராளமான இடம் என்றால் எவ்வளவு? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்று பலர் சொல்வார்கள். அந்தக் கணக்கு மோட்டார் வாகனங்கள் சைக்கிளை முந்துவதற்கானது. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். சைக்கிள் சைக்கிளை முந்துவதற்கும் அதே அளவை அப்படியே பொருத்தினால் பெரும்பாலான சைக்கிள் பாதைகளில் யாரும் யாரையும் முந்தவே முடியாது. நான் சொல்லிக்கொடுப்பது, சாலையில் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு மீட்டர். இது சட்டம் அல்ல, அனுபவத்தில் வந்த அளவு. குறுகிய பாதையில் அதற்கு இடமில்லை என்றால் குறைய வேண்டியது வேகம். நடக்கிறவர் இன்னொரு நடக்கிறவரைத் தாண்டுகிற அளவுக்கு வேக வித்தியாசத்தைக் குறைத்துவிட்டால் அரை மீட்டரிலும் யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஒரு மீட்டர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நெருங்கிப் போகும் ஆசையே விட்டுப்போகும். ஓடும் சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து திரும்ப வேண்டுமானால், கைப்பிடி முதலில் இம்மியளவு இடப்பக்கம் போயாக வேண்டும். சக்கரம் இடப்பக்கம் நகர்ந்து, உடல் வலப்பக்கம் சாய்ந்து, அதன் பிறகுதான் வண்டி வலப்பக்கம் வளையும். நாம் அறியாமலே தினமும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். இப்போது ஒருவரை நடைபாதை விளிம்போடு நெருக்கி முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைவிட்டு விலக அவர் முதலில் விளிம்பின் பக்கம் சக்கரத்தைத் தள்ள வேண்டும். அதற்கு இடமில்லை. உங்கள் பக்கமும் வர முடியாது. ‘நான் தொடவே இல்லையே, அவராகத்தான் விழுந்தார்’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. தொடாமலே விழவைக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, முந்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கணக்கு. இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அவர் மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறார், நீங்கள் 23இல் வருகிறீர்கள். அவர் பின்சக்கரத்துக்கு 3 மீட்டர் பின்னால் விலகத் தொடங்கி, அவர் முன்சக்கரத்தைத் தாண்டி 3 மீட்டர் இடைவெளி விட்டு மறுபடி உள்ளே வருகிறீர்கள். இரண்டு சைக்கிள்களின் நீளத்தையும் சேர்த்தால் நீங்கள் அவரைவிட ஏறக்குறைய 9.6 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு 1.4 மீட்டர்தான். ஆக ஏழு நொடி. அந்த ஏழு நொடியில் நீங்கள் சாலையில் 45 மீட்டர் போயிருப்பீர்கள். வித்தியாசம் 2 கிலோமீட்டர் மட்டுமே என்றால் பதினேழு நொடி ஆகும், நூறு மீட்டர் பக்கம் போய்விடும். அவ்வளவு நேரமும் நீங்கள் சாலையின் நடுப்பக்கம் வெளியே இருக்கிறீர்கள், பின்னால் வரும் காருக்கு இரண்டு சைக்கிள் அகலத்தில் தடையாக. இதனால்தான் ‘கொஞ்சம்தான் வேகம் கூட’ என்றால் முந்தாதீர்கள் என்கிறேன். ஒன்று, பார்த்து, நேரம் எடுத்து, சற்று அழுத்தி மிதித்துச் சுருக்கமாகக் கடந்துவிடுங்கள். அல்லது பின்னாலேயே இருங்கள். இரண்டுக்கும் நடுவில் பக்கத்தில் ஊர்ந்துகொண்டே வருவது இருவருக்கும் இம்சை.

விலகுவதற்கு முன் பின்னால் பார்ப்பது கட்டாயம். உங்களை முந்த இன்னொருவர் ஏற்கெனவே வெளியே வந்திருக்கலாம். இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு: தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது கை தன்னையறியாமல் இழுத்து, வண்டி பார்க்கிற பக்கமே போகும். காலியான இடத்தில் ஒரு கோட்டின் மீது ஓட்டிக்கொண்டே பின்னால் பார்த்துப் பழகுங்கள். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, தாடையைத் தோளோடு சேர்த்துப் பார்த்தால் வண்டி நேராகப் போகும். கைப்பிடியில் பொருத்தும் கண்ணாடி உதவும். ஆனால் அதில் தெரியாத மூலை ஒன்று எப்போதும் இருக்கும்.

இனி மணிக்கு வருகிறேன். வியன்னா உடன்படிக்கை சைக்கிளில் மணி இருக்க வேண்டும் என்கிறது. வேறு ஒலிக்கருவி கூடாது என்றும் சொல்கிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் மணி கட்டாயம். ஆனால் மணி இருக்க வேண்டும் என்பது வேறு, ஒவ்வொரு முந்தலுக்கும் அடிக்க வேண்டும் என்பது வேறு. அனுபவசாலிகளிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எப்போதும் அடி என்பார்கள் சிலர். அகலமான சாலையில் அடிப்பது வீண் தொல்லை என்பார்கள் சிலர். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. என் பழக்கம் இது: ஒரு மீட்டருக்கு மேல் தாராளமாக விலகிப் போக இடம் இருந்தால் பேசாமல் போவேன். இடம் குறையும்போதும், முன்னால் இருப்பவர் ஆடிக்கொண்டு போகும்போதும், அவர் தன் நண்பருடன் பேசிக்கொண்டு போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

சொல்வதில் நேரம்தான் உயிர். பக்கத்தில் வந்த பிறகு அடிக்கும் மணி எச்சரிக்கை அல்ல, அதிர்ச்சி. அதற்குப் பேசாமலே போயிருக்கலாம். ஏறக்குறைய பதினைந்து இருபது மீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு முறை, மென்மையாக. பிறகு அவர் கேட்டாரா என்று பாருங்கள். கேட்டவரின் உடம்பில் ஏதாவது ஒன்று மாறும். தலை லேசாகத் திரும்பும், தோள் இறுகும், பெடல் ஒரு கணம் நிற்கும். எதுவுமே மாறவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். காதில் இயர்போன் இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், எதிர்க்காற்று சத்தத்தை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இன்னும் நெருங்கிக் குரல் கொடுங்கள். இதற்கு இன்னொரு இதமான வழியும் உண்டு: மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடும். பல வண்டிகளில் அது நன்றாகவே கேட்கும். யாரையும் விரட்டாத சத்தம் அது. பின்னால் ஒரு சைக்கிள் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

குரல் கொடுப்பதானால் என்ன சொல்வது? ‘வலது!’ என்று ஒற்றைச் சொல்லைக் கத்துவதைத் தவிருங்கள். பழகியவர்களுக்கு அது நீங்கள் வரும் பக்கம். பழகாதவர் காதில் அது அவருக்கு இடும் கட்டளையாக விழும். சரியாக நீங்கள் வரும் பக்கமே திரும்புவார். நடந்து போகிறவர்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ‘பின்னால் வருகிறேன், நீங்கள் அப்படியே போங்கள்’ என்பது சற்று நீளம்தான். ஆனால் அதில் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்பது தெளிவாக இருக்கிறது. முந்துகிறவர் இடம் கேட்கவில்லை, தன் இருப்பைச் சொல்கிறார். குரலின் தொனியிலும் அது இருக்க வேண்டும். கடந்ததும் ஒரு நன்றியோ கை அசைப்போ போதும். சிறுவர்களையும் புதிதாக ஓட்டக் கற்றவர்களையும் முந்தும்போது, குரல் கேட்டதும் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்ததும் வண்டி உங்கள் பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டே இடம் விடுங்கள்.

நான் கற்றுக்கொடுப்பதில் அதிகம் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. முந்தும்போது முன்னால் போகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் இருக்கும் சாலையைப் பாருங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு குழி இருக்கிறது, ஒரு கார் நின்றிருக்கிறது, சாக்கடை மூடி ஒன்று உள்வாங்கிக் கிடக்கிறது என்றால், அவர் அடுத்த சில நொடிகளில் எந்தப் பக்கம் விலகுவார் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். அந்தக் குழியை அவர் தாண்டட்டும், பிறகு போங்கள். ஏற்றத்தில் இன்னும் கவனம் தேவை. வேகம் குறையக் குறைய வண்டி பாம்பு போல நெளியும். ஒருவர் இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும் அந்த நொடியில் அவர் சைக்கிள் பின்னால் வருகிறவரை நோக்கி ஒரு சாண் தள்ளப்படும். உண்மையில் அது பின்னோக்கி வருவதில்லை, ஒரு கணம் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்; ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு இரண்டும் ஒன்றே. இறக்கத்தில், குறுகிய வளைவில், சந்திப்புக்கு முன்னால், நின்றிருக்கும் கார்களின் கதவுகளை ஒட்டி முந்துவது வேண்டாம். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒட்டிக்கொண்டு வருவது என்றேன். அதில் மிக மோசமான நிலை, உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில், பாதி முன்னேறி நிற்பது. அவர் கையகலம் நகர்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் உரசும். உரசினால் விழுவது பெரும்பாலும் அவர் அல்ல, நீங்கள்தான். சைக்கிள் விழாமல் நிற்பதே முன்சக்கரம் இப்படியும் அப்படியும் திரும்பிச் சமன் செய்வதால். அந்தச் சக்கரத்தை இன்னொரு டயர் ஒரு பக்கம் தடுத்துவிட்டால் சமன் செய்ய வழியில்லை. ஆகவே முந்துவதென்றால் முழுவதும் முந்துங்கள், இல்லையென்றால் முழுவதும் பின்னால் இருங்கள். முந்திய பிறகும் இதேதான். அவர் முன்சக்கரத்தைத் தாண்டியவுடன் குறுக்கே வெட்டி உள்ளே வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதுவரை செய்த நல்லதெல்லாம் அந்த ஒரு வெட்டில் வீண். குறைந்தது ஒன்றிரண்டு சைக்கிள் நீளம் கடந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்ல உள்ளே வாருங்கள். உள்ளே வந்ததும் மிதிப்பதை விட்டுவிடாதீர்கள். முந்திவிட்டு உடனே வேகத்தைக் குறைப்பது, வரிசையில் முன்னால் நுழைந்துகொண்டு நகராமல் நிற்பதற்குச் சமம்.

முந்தப்படுகிறவருக்குக் கடமை இல்லையா என்றால், உண்டு, மிகக் குறைவு. தன் கோட்டில் நேராகப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. அதே வியன்னா உடன்படிக்கை இதையும் சொல்கிறது: பின்னால் வருகிறவர் முந்த விரும்புகிறார் என்று தெரிந்தால் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும், வேகம் எடுக்கக் கூடாது. ஓரத்தை ஒட்டி என்பதைச் சாக்கடைக்குள் இறங்கிப் போ என்று சைக்கிள்காரர் எடுத்துக்கொள்ள வேண்டாம். குப்பையும் கண்ணாடித் துண்டும் சேரும் இடம் அது. நீங்கள் ஏற்கெனவே நிதானமாகப் போகும் கோடுதான் உங்கள் இடம். அதில் ஆடாமல் போனால் முந்துகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆக, உங்களைத் திரும்ப முந்தும் அந்த மனிதர் தவறுதான் செய்கிறார். ஆனால் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல. தனியாக ஓட்டும்போது வேகம் தானாகவே குறைந்துவிடும். இன்னொருவர் கடந்ததும் விழித்துக்கொண்டு கால் முறுக்கேறும். சிறிது தூரத்தில் களைத்துப்போவார், நீங்கள் மறுபடி முந்துவீர்கள், அவர் மறுபடி. போட்டிகளில் இதற்கு விதியே வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக நேரம் பார்க்கும் சாலைப் பந்தயங்களில், சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்தின் விதிப்படி, இன்னொருவரை எட்டிப் பிடிப்பவர் பக்கவாட்டில் 2 மீட்டர் விட்டுக் கடக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு முந்தப்பட்டவர் 25 மீட்டராவது விலகி இருக்க வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுவது தடை செய்யப்பட்ட டிரையத்லான்களில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிகளில்), முந்தப்பட்டவர் முதலில் பின்வாங்கி இடைவெளி விட்டால்தான் திரும்ப முந்த முயலலாம். சாலையில் நடுவர் இல்லை. என் யோசனை, அவர் இரண்டாவது முறை முந்தும்போது விட்டுவிடுங்கள். அரை நிமிடம் மெதுவாகப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். தூரம் தானாக உண்டாகும்.

பின்சக்கரத்தோடு ஒட்டி வருகிறவர் விவகாரம் வேறு. வேகமாகப் போகும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தால் அந்த உழைப்பு கணிசமாகக் குறையும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை, ஆபத்து உண்டு. பின்னால் ஒருவர் இருப்பது தெரியாமல் நீங்கள் சட்டென்று பிரேக் பிடித்தால் இருவரும் தரையில். தெரியாத ஒருவரின் காற்று மறைவில் போக விரும்புகிறவர் பக்கத்தில் வந்து கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பது ஓட்டுநர்களிடையே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட நாகரிகம். கேட்டுவிட்டால், முறை வைத்துத் தானும் முன்னால் போய்க் காற்றை எதிர்கொள்ள வேண்டும். கேட்காமல் ஒட்டுகிறவரிடம் நீங்களே சொல்லலாம்: ‘எனக்குப் பின்னால் இவ்வளவு நெருக்கமாக வேண்டாம், தயவுசெய்து முன்னால் போங்கள்.’ சொல்லிவிட்டு மெல்ல வேகம் குறையுங்கள். அவரை உதற நெளிந்து ஓட்டுவதோ திடீரென்று பிரேக் பிடிப்பதோ கூடவே கூடாது.

இருவர் இணையாகப் பேசிக்கொண்டு போனால், சொல்லிவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக அவர்கள் ஒழுங்காகும்வரை காத்திருங்கள். நடுவில் புகுந்து போகாதீர்கள். பெரிய குழு என்றால் கடைசியில் இருப்பவரிடம் சொன்னால் போதும், அவர் முன்னுக்குச் சொல்லி அனுப்புவார். ஒரே மூச்சில் முழுக் குழுவையும் கடக்க முடியாதென்றால் தொடங்க வேண்டாம். நீங்களே குழுவாக முந்தும்போது, ‘இன்னும் நான்கு பேர் வருகிறோம்’ என்று முதலில் போகிறவர் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வண்டி போனதும் முந்தப்படுகிறவர் நிம்மதியாக வெளியே நகர்வார், இரண்டாவது வண்டி மீது மோதுவார்.

மின்சார சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய விதிப்படி அவற்றின் மோட்டார் 250 வாட், உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும். சமதளத்தில் மற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்றத்தில்தான் விஷயம். மூச்சு வாங்கிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் நெளிந்து ஏறுகிறவரை இருபதில் சத்தமில்லாமல் கடக்கிறீர்கள். அங்கே மணி அடிப்பதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

உங்கள் பகுதியின் சட்டம் சைக்கிள் பாதைக்குத் தனி விதி வைத்திருக்கலாம். சட்டம் நான் படித்த துறை அல்ல, ஆகவே அங்கே எழுதப்பட்டிருப்பது நான் சொன்னதோடு முரண்பட்டால் அதையே பின்பற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு முந்தல். சாலையோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தால், அவரைக் கடக்கும்போது வேகம் குறைத்து ‘உதவி வேண்டுமா?’ என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்று கை அசைப்பார்கள், நீங்கள் நிற்காமலே போகலாம். பம்ப் கேட்டால், முதலில் அவரைத் தாண்டிப் போய், உங்கள் வண்டியைச் சாலைக்கு வெளியே இறக்கி நிறுத்திவிட்டுப் பிறகு எடுத்துக் கொடுங்கள்.